ஊதா மூடி

வேப்பேரியில் பத்து நாளாக மழை.
லேப் மாடிப்படியில் சொட்டச் சொட்ட நின்ற ஆள்
சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்
ஊதா மூடி போட்ட சின்னக் குழாயை.
சூடு ஆறவில்லை.
நாயின் சூடா அவருடையதா, தெரியவில்லை.

சீட்டில் இருந்தது:
பக்கோடா. நாட்டு நாய். ஆண். நான்கு வயது.
உரிமையாளர் கஜபதி, காசிமேடு.
இரண்டு நாளாகத் தின்னவில்லை. ஈறு வெளுப்பு.
சிறுநீர் டிகாக்ஷன் நிறம்.
ஓரத்தில் டாக்டரின் கிறுக்கல்: உண்ணிக் காய்ச்சல்?

கேள்விக்குறியை நம்பலாம்.
அது இல்லாமல் வரும் சீட்டுகளிடம்தான்
எனக்குப் பயம்.

ஒரு சொட்டு. கண்ணாடிமேல் சாய்த்த கண்ணாடி.
இழுத்தால் கட்டைவிரல் நகம்போல் ஒரு விளிம்பு.
கெட்டியான தலைப்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று,
காலை எட்டு மணி சென்ட்ரல்.
வால் நுனியில் எல்லாம் நசுங்கித் தட்டை.
இடையில் விரலகலம்,
அங்கேதான் ஒவ்வொன்றும் தனியாக நின்று
முகம் காட்டும்.

எண்ணெய் லென்ஸில் முதல் பார்வைக்கே
அணுவுக்குள் வளையங்கள். நிறைய.
கை தானாக ரிப்போர்ட்டுக்குப் போனது.
சும்மா, பழக்கதோஷத்தில்,
குமிழை அரைச்சுற்று திருப்பினேன்.
வளையங்கள் பளபளத்தன.

ஒட்டுண்ணி பளபளக்காது,
அதற்கு ஒளியத்தான் தெரியும்.
மினுக்குவது தண்ணீர்.
ஸ்லைடு காய்வதற்குள் ஐப்பசி ஈரம் உள்ளே புகுந்து
நோய் வேஷம் கட்டியிருந்தது.

இன்னொரு ஸ்லைடு. இந்த முறை ஹேர் டிரையரில்.
என் சொந்த டிரையர் அது.
ரத்தத்துக்குத் தலைவாரி விடுறீங்களா என்று
டார்கஸ் எப்போதும் கேட்பாள்.

வளையம் போயிருந்தது.
மூக்கு இருந்தது.
சிவப்பணுவின் ஓரத்தில் வெளிறிய சிறு மூக்கு,
இதில் ஒன்று, அடுத்ததில் ஒன்று,
எண்ணுவதை நிறுத்தும்வரை.
நீலச் சாயம் கலந்ததும்
மூக்குகள் எல்லாம் திருஷ்டிப் பொட்டுகள்.

பூனையாக இருந்தால் நாலு பொட்டைப் பொறுத்துக்கொள்வேன்,
பூனைகளின் வாகு அப்படி.
இவன் நாய்.

போன் போட்டேன்.
"சாப்பிட என்ன கொடுப்பீங்க?"
"நான் துண்றதுதான் மேடம்."
"வெங்காயம்?"
அந்தப் பக்கம் மழை மட்டும் கேட்டது.
"கடையே வெங்காய பக்கோடா கடதான்.
மழைக்கு ஒரு ஆளு வரல. மிஞ்சினதெல்லாம் அவனுக்கு…
பேரே அதனாலதான்."

பத்து நாளில் எத்தனை கிலோ மிஞ்சும்
என்று கணக்குப் போட்டுவிட்டு
போடாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

மறுபடி லென்ஸ்.
நூறில் எட்டு அணுக்கள் பெரிதாய், நீலம் பாரித்து:
எலும்புக்குள்ளிருந்து அவசரமாய்க் கிளம்பிய இளசுகள்,
முகம்கூடக் கழுவாமல் ஷிப்டுக்கு வந்துவிட்டவை.
ரத்த அளவு பதினாறு. மோசம்தான்.
ஆனால் மஜ்ஜை போனை எடுக்கிறது.
பதினாறு என்கிற எண் இதைச் சொல்லாது.

"வெங்காயத்த நிறுத்துங்க. பூண்டும் கூடாது.
ரத்தம் ஏத்தணுமான்னு டாக்டர் சொல்வார்.
பிழைக்கலாம்."
பிழைக்கலாம், பிழைக்கும்,
இரண்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம் நின்றார் கஜபதி.
பிறகு கேட்டார்:
"பேர மாத்திரணுமா மேடம்?"

அடுத்த குழாய். மெரினா சவாரிக் குதிரை, கால் நொண்டல்.
அணுக்கள் கல்லாவில் அடுக்கிய சில்லறைபோல்
ஒட்டி ஒட்டி வரிசையாக.
நாய்க்கு இது வந்திருந்தால்
எங்கே வீக்கம் என்று தேடியிருப்பேன்.
குதிரைக்கு இது நோயல்ல, குதிரை.

இயல்பு, என்று எழுதினேன்.
டிரையர் இன்னும் சூடாக இருந்தது.